ஒரே மூச்சில் மூன்று போர்த்துகீசியர்

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளருக்குப் பிறமொழிச் சொல் காதில் விழுந்தால் பல் கூசும், காது பழுக்கும், அன்றைக்குச் சோறு இறங்காது. தபால்காரர் 'ரிஜிஸ்டர்' என்று சொல்லிவிட்ட குற்றத்துக்கு, மறுபடி கீழே இறங்கி ஏறி வந்து 'பதிவு' என்று சொன்ன பிறகே கையெழுத்துப் போட்ட மகான் அவர்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். மனைவி ஜன்னல் என்றால் பலகணி என்பார். அலமாரி என்றால் நிலைப்பேழை. சாவி என்றால் திறவுகோல். மூன்றுமே போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கியவை என்று, விருந்தாளிகள் முன்னாலேயே அவளை நிற்கவைத்துப் பாடம் எடுப்பார். அன்று காலைகூட, அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தவளை நடுவில் வெட்டித் திருத்தியிருந்தார்.

மாலையில் ஒரு கூட்டத்தில் தூய தமிழ் பற்றி முழங்கிவிட்டு, வறண்ட தொண்டைக்கு ஒரு குளத்தையே குடித்துவிட்டுத் திரும்பினார். லிஃப்ட், மன்னிக்கவும், மின்தூக்கி, அவருடைய மாடிவரை ஒழுங்காக வந்து, கதவு திறக்காமல் நின்றுகொண்டது. வெளியிலிருந்து திறக்கும் சாவி செயலாளர் வீட்டில்தான் இருந்தது. கதவை இடித்தார். மனைவி வந்தாள்.

"மாட்டிக்கிட்டேன். திறவுகோலை எடுத்துட்டு வா."

"எங்க வச்சீங்க?"

"பலகணிக்குப் பக்கத்துல, நிலைப்பேழையில."

"பலகாரமா? இந்த நேரத்துலயா? சரியா கேக்கலைங்க."

அவருடைய அடிவயிற்றில் குளம் கரை உடைக்கப் பார்த்தது.

"ஜன்னலுக்குப் பக்கத்துல, அலமாரியில, சாவி."

வெளியே மனைவி விரல்விட்டு எண்ணினாள்.

"ஒரே மூச்சுல மூணு போர்த்துகீசியரை இறக்கிட்டீங்களே. அதுல ஒருத்தனைக் கூப்பிட்டதுக்கா காலையில என் மானத்தை வாங்கினீங்க?"

"தாயே, போய் எடுத்துட்டு வா."

ஆடி அசைந்து போனாள். அதைவிட ஆடி அசைந்து வந்தாள். பூட்டுக்குள் சாவி நுழையும் ஓசை அவர் காதில் தேனாகப் பாய்ந்தது.

"சீக்கிரம் திற. அவசரம்."

சாவி பாதியில் நின்றது.

"சீக்கிரம் வடமொழின்னு சொன்னது நீங்கதானே? அவசரமும் அங்கேருந்துதான் வந்துச்சாம். நல்ல தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, திறந்துடுறேன்."

ஊரையே திருத்திய மூளையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார். ஒரு சொல் அகப்படவில்லை. கால்களைப் பின்னிக்கொண்டு தேடினார். பிறகு பின்னிய கால்கள் தாமாகவே பிரிந்தன.

"விரைவு," என்றார் கடைசியில், மிக மெல்ல.

கதவு திறந்தது. செயலாளர் விரையவில்லை. விரைய வேண்டிய தேவை தீர்ந்துபோயிருந்தது.