மாலை ஏற்றம்

கூழாறு கடலுக்குப் போவதைத் தை மாதத்தில் நிறுத்திக்கொண்டது. கடலுக்கு வேறோர் ஆற்றோடு தொடர்பு இருக்கிறது என்பது காரணம்.

தடுப்பணை வரைக்கும் வரும். மதகுகள் திறந்தே இருக்கும். அங்கே நின்று கொஞ்ச நேரம் கீழே பார்த்துவிட்டு மேற்கே திரும்பிப் போய்விடும். அணைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்குச் சேறு வெடித்துக் கிடந்தது. கடல் தன் பங்குக்கு மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்தது. இறால் குஞ்சுகள் வரவில்லை. அலையாத்தி மரங்கள் ஓரத்திலிருந்து கருக ஆரம்பித்தன. எங்கள் கூழாற்றுமுகத்தில் கழிமுகத்தை நம்பிப் பிழைத்த இருநூறு குடும்பங்கள் வலைகளைச் சுருட்டிப் பரணில் ஏற்றின.

ஆற்றின் வாதம் நேரானது. கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற வேண்டும். எங்களுக்குக் காலை ஏற்றம் மட்டுமே வந்துகொண்டிருந்தது. மாலை ஏற்றம் எங்கே போகிறது? வடக்கே இருபது கிலோமீட்டரில் இன்னோர் ஆறு கடலில் சேர்கிறது. அதன் பெயர் பூவாணி. எங்கள் ஆற்றின் பெயர் கூழாறு. இதற்கு மேல் யாரும் அதற்கு எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு கழிமுகங்களையும் காப்பதற்கு ஐந்து ஊர்கள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அவசரக் கூட்டம் போட்டார்கள். மோட்டார் வைத்து ஆற்றை அணைக்குக் கீழே இறைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.

"மோட்டார் வச்சு இறைச்சா தண்ணிதான் போவும். ஆறு போவாது" என்றார் செயலாளர் ஜோதிமுத்து. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எது போய்ச் சேரும், எது சேராது என்று அவருக்குத் தெரியும். "யாராவது பக்குவமாப் பேசணும். இந்த மாதிரி விசயம் தெரிஞ்சவங்களா இருக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் 'மரகதம் அம்மாள்' என்று என் பெயரை எழுதி, எதிரே 'முன் அனுபவம் உண்டு' என்றும் எழுதினார்கள்.

அனுபவம் உண்டுதான். என் கணவர் தணிகாசலம் நாற்பது ஆண்டுகள் செவ்வாய்க்கிழமைகளையும் வெள்ளிக்கிழமைகளையும் பூவாணிப்பட்டினத்தில் கழித்தார். அங்கே இந்திராணி என்று ஒருத்தி. கல்யாணமான இரண்டாம் ஆண்டில் அவரே சொன்னார், மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லும் குரலில். குடையை எடுத்துக்கொண்டு போவார். புதன் காலையிலும் சனி காலையிலும் திரும்புவார். அந்த இரண்டு காலைகளிலும் நான் கஞ்சி போட்ட சேலை கட்டி வாசலில் நிற்பேன், ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று. அவளை நான் பார்த்ததில்லை. அவளுடைய மூக்கு எப்படி இருக்கும் என்று மனதுக்குள் நூறு மூக்குகள் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட அசிங்கமாக வரவில்லை.

அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் படத்தில் நாற்காலி மட்டும் இருக்கும். அந்த நாட்களில் நான் பூ வைப்பதில்லை.

மறுநாள் தடுப்பணைக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். ஆறு வந்தது. இருநூறு குடும்பங்களைப் பற்றிச் சொன்னேன். அது கேட்டுக்கொண்டது. பிறகு, நீ போய் அவளைப் பார்த்தாயா என்று என்னைக் கேட்டது. இல்லை என்றேன். ஏன் என்று கேட்டது.

"அழகா இருந்துட்டா என்ன செய்ய?" என்றேன்.

ஆறு ஒரே இடத்தில் சற்று நேரம் சுழித்தது. தான் பார்க்க வேண்டும் என்றது. பார்த்த பிறகு முடிவு சொல்கிறேன் என்றது.

திங்கட்கிழமை ஒரு பித்தளைக் குடத்தில் அதை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.

"ஆச்சி, குடத்துல என்ன?" என்று நடத்துநர் கேட்டார்.

"கூழாறு."

"முழுசுமா?"

"பார்த்துட்டு வாரதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

"அப்ப அரை டிக்கெட்டு. மடியில வச்சுக்கிடுங்க. போற வழியில சத்தம் போடுமா?"

"கோவமா இருக்கு. பேசாது."

அவர் அரை டிக்கெட் ஒன்றும் முழு டிக்கெட் ஒன்றும் கிழித்துக் கொடுத்தார். உப்பளங்கள் வெளியே வெள்ளை வெள்ளையாக ஓடின. குடத்துக்குள் ஆறு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

பூவாணிப்பட்டினத்தில் எங்களை அழைத்துப் போக அந்த ஊர்ப் பிரதிநிதி வந்திருந்தாள். அவள்தான் இந்திராணி. அவர்கள் ஊர்த் தீர்மானத்திலும் அதே காரணத்தைத்தான் எழுதியிருந்தார்களாம். மூக்கைப் பார்த்தேன். சாதாரண மூக்கு. அதற்கு நான் தயாராக வந்திருக்கவில்லை.

"வாங்கக்கா" என்றாள். "குடத்தை இங்கிட்டுத் தாங்க."

"நானே வச்சுக்கிடுதேன்."

"கனக்குமே."

"நாப்பது வருசமா கனக்கத்தான் செய்யுது."

அவள் சிரித்தாள். எல்லாப் பல்லும் இருந்தது.

கழிமுகத்துக்கு நடந்தோம். நான் எதிர்பார்த்தது அகன்ற நீர், பசேலென்ற மரங்கள், ஏறி ஏறி வழியும் கடல். அங்கே இருந்தது எங்களுடையதைவிட உயரமான மணல்மேடு. பூவாணி அதன் காலடியில் தேங்கி நின்றது. கரையெல்லாம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அல்லிப் பூக்கள் ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"தினமும் தலை சீவிப் பூ வச்சு வந்து நிக்கா" என்ற இந்திராணி மேட்டுக்கு அப்பால் கடலைக் காட்டினாள். "வாசலைத் தொறக்க மாட்டேங்காக."

"மாலை ஏற்றத்துக்குக்கூடவா?"

"அது உங்க ஊருக்குல்லா போவுது."

"எங்க ஊருக்கா?"

"பின்ன? காலையில எங்களுக்கு, சாயந்திரம் உங்களுக்கு. அப்படின்னுதான இத்தனை நாளும் நாங்க பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கோம்."

"எங்களுக்கும் காலையில மட்டுந்தான்" என்றேன்.

குடத்தைச் சாய்த்துப் பிடித்தேன். கூழாறு விளிம்பு வரை வந்து பூவாணியைப் பார்த்தது. பூவாணியும் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் குடம் ஏனோ எடை குறைந்துவிட்டது.

திரும்பும் பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. இந்திராணி வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சுக்குக் காப்பி கொடுத்தாள். காப்பி நன்றாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அதில் ஒரு நாற்காலி மட்டும் இருந்தது.

"இன்னிக்குத் திங்கள். எங்க வீட்டுல இருக்காக" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"என்னிக்கும் நாற்காலிதான்க்கா. ஸ்டுடியோவுல எடுத்துக் கழுவி வந்தப்பவே அப்படித்தான் வந்துச்சு."

"செவ்வாயும் வெள்ளியும்?"

"அவுக இங்க வந்தது ஒரே ஒரு செவ்வா. போட்டோ எடுத்தோம். தண்ணி குடிச்சாக. மரகதத்துக்குப் பிடிக்கலை, இனிமே எல்லா நாளும் அவகிட்டத்தான்னு சொல்லிட்டுக் குடையை எடுத்துக்கிட்டுப் போனாக. அம்புட்டுதான். எல்லா நாளும் வச்சிருக்காளே, எப்படி இருப்பாளோன்னு உங்களை நெனைச்சு நெனைச்சே எனக்குத் தலை நரைச்சுட்டு."

"எப்படி இருந்தேன்?"

"உயரமா இருந்தீக."

நான் அவள் தோள் அளவுதான் இருக்கிறேன். இருவரும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு காப்பியைக் குடித்து முடித்தோம்.

கூழாற்றைக் கொண்டுவந்து அணையில் ஊற்றினேன். கோபம் தீர்ந்துவிட்டது, இனி அது கடலுக்குப் போகும் என்று ஜோதிமுத்து எதிர்பார்த்தார். அது எங்கேயும் போகவில்லை. மேற்கே திரும்பக்கூட இல்லை. ஒரு வாரத்தில் இடுப்பளவு இருந்தது முழங்காலாயிற்று, பிறகு கணுக்கால். பூவாணியும் அப்படியே வற்றுவதாக இந்திராணி தொலைபேசியில் சொன்னாள்.

நானும் சேலைக்குக் கஞ்சி போடுவதை விட்டேன். நாற்பத்தாறு ஆண்டுகள் ஒருத்தியை நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். அவளை நினைத்துத் தலை சீவியிருக்கிறேன். அவளைவிட நன்றாக வர வேண்டும் என்று குழம்பு கூட்டியிருக்கிறேன். இப்போது காலையில் கண் விழித்தால் நினைப்பதற்கு ஆள் இல்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தேன். செவ்வாயும் வெள்ளியும், யாரும் இல்லாத இடத்தில் ஒருவர் நாற்பது ஆண்டுகள் எப்படி இருப்பார்?

அலையாத்தி மரங்கள் நடுவரைக்கும் கருகின. நான்கு குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. ஜோதிமுத்து என் வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? பொறாமையாவது இருந்துச்சு. அதையும் தீர்த்து வச்சுட்டீங்களே" என்றார்.

அந்த வாரம்தான் கரிசல்மேட்டிலிருந்து விண்ணப்பம் வந்தது. கரிசல்மேடு கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. பருத்தி விளைகிற ஊர். ஜோதிமுத்து கூட்டத்தில் அதைப் படித்தார்.

'ஐயா, எங்கள் ஊரில் ஆறு கிடையாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மாலைதோறும் கடல் மட்டும் வந்து போகிறது. கழிமுகம் மிக நல்ல நிலையில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து பாதுகாக்க, கூட்டமைப்பில் எங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம். இத்துடன் சிப்பி ஒன்று இணைக்கப்பட்டுள்ளது.'

சிப்பி மேசை மேல் வாயைத் திறந்து மூடியது. கழிமுகம் உள்ள ஊர் எதுவும் உறுப்பினராகலாம் என்பது விதி. ஆறு இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. சேர்த்துக்கொண்டார்கள்.

நான் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு அணைக்குப் போனேன். ஆறு நான்கு விரல் ஆழத்தில் கிடந்தது. படியில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். 'மாலைதோறும்' என்ற இடத்தில் அது அசைந்தது. இன்னொரு முறை படி என்றது. படித்தேன். 'மிக நல்ல நிலையில்' என்ற இடத்தில் முதல் படி நனைந்தது. மூன்றாம் முறை படிக்கும்போது நான் மேல்படிக்கு ஏறி நின்றுகொள்ள வேண்டியிருந்தது. இந்திராணியைக் கூப்பிட்டு, அவளும் எழுதிக்கொண்டு போய்ப் பூவாணிக்குப் படித்துக் காட்டும்படி சொன்னேன்.

"அக்கா, அங்க யாரு இருக்கா?" என்றாள். அவள் குரலில் பல வாரங்களாக இல்லாத தெம்பு இருந்தது. என் குரலிலும் இருந்திருக்க வேண்டும்.

பொழுது சாய்வதற்குள் கூழாறு மதகுகளைத் தாண்டியது. தாண்டும்போது ஒரு மதகைக் கையோடு கொண்டு போனது. மணல்மேடு இரண்டு இடத்தில் உடைந்தது. பத்து நாளில் இறால் குஞ்சுகள் வந்தன. வலைகள் பரணிலிருந்து இறங்கின. மரங்களின் கருகிய பக்கத்தில் மூக்கு மூக்காகத் துளிர் தெரிந்தது. இப்போதெல்லாம் கூழாறு தினமும் கடைசி வரை போய், மாலை ஏற்றம் வருகிறதா என்று பார்த்து நிற்கிறது. அது வருவதில்லை. ஆறு நிற்கிறது. 'நீர்வரத்து சீராக உள்ளது' என்று ஜோதிமுத்து அறிக்கையில் எழுதினார்.

புதிய உறுப்பினர் ஊரைப் பார்வையிட இரண்டு பேர் போக வேண்டும். என்னையும் இந்திராணியையும் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை. நான் கஞ்சி போட்ட சேலை கட்டியிருந்தேன். அவளும் அப்படித்தான் வந்திருந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேருந்தில் அவளுக்கு ஜன்னலோரம் கொடுத்தேன்.

சீனிராஜ் என்ற பருத்திக்காட்டுக்காரர் எங்களை வரப்பு வழியே கூட்டிப் போனார். நாலரை மணிக்குக் கடல் வந்தது. சத்தமே இல்லை. பருத்திச் செடிகளுக்கு நடுவே ஒவ்வொரு சாலாக நிறைந்து, பரந்து, படுத்துக்கொண்டது. தூரத்தில் அலையாத்தி மரங்கள் கரும்பச்சையாக நின்றன. எங்கள் ஊரில் ஒரு நாளும் கடல் இவ்வளவு நிம்மதியாகக் கிடந்து நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"பொம்பளை யாரு?" என்றாள் இந்திராணி.

"எந்தப் பொம்பளை?"

"இங்க இருக்கவ."

"இங்க யாரும் இல்லம்மா. தண்ணி வரும், போவும். மெதுவாப் பேசுங்க. வாரவுக மிரண்டுருவாக."

நூறு அடிக்கு அப்பால் ஒரு பனைமர நிழலில் உட்கார்ந்து கூட்டமைப்பின் கணக்கெடுப்புப் படிவத்தை விரித்தேன். பறவைகள் இறங்கின. எண்ணி எழுதினேன். செங்கால் நாரை பதினொன்று. பூநாரை ஆறு. கூழைக்கடா நான்கு. பிறகு கணவர்கள் இறங்கினார்கள். முப்பத்தெட்டு பேர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் பத்தடி இடைவெளி விட்டு, முழங்கால் தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ரெண்டாவது வரிசையில" என்றாள் இந்திராணி.

"பார்த்தாச்சு."

இளைத்திருந்தார். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. எங்களோடு இருந்த நாட்களில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. இந்திராணியும் பார்த்திருக்க மாட்டாள். அது ஒன்றுதான் ஆறுதல். அவர் ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பினார். இரண்டு பெண்கள் பனைமரத்தடியில் இருப்பதைப் பார்க்கிறவர்போலப் பார்த்துவிட்டு, காலை மாற்றிக்கொண்டார்.

ஒரே உயிரை இரண்டு ஊர்ப் பட்டியலில் எழுதக் கூடாது என்பது கணக்கெடுப்பின் விதி.

"அவுகள எந்த ஊருல எழுதப் போறீக?" என்றாள்.

"கூழாற்றுமுகம்."

"ஒரு செவ்வா எங்க ஊருலயும் இருந்தாக."

"தண்ணி குடிச்சதெல்லாம் சேராது."

"போட்டோ எடுத்திருக்கோம்."

"நாற்காலியத்தான எடுத்திருக்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு நீண்ட நாட்களுக்குப் பிறகு உடம்பு சூடாக, நன்றாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், கழுத்து நிமிர்ந்திருந்தது.

ஆறு மணிக்குத் தண்ணீர் வற்றத் தொடங்கியது. நாரைகள் முதலில் எழும்பின. அடுத்து அவர்கள், ஒவ்வொருவராகக் கைகளை உதறிக்கொண்டு எழும்பினார்கள். அவர் கடைசிக்கு முந்தி. முழங்கால் வலியால் இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. தலைக்கு மேலே வந்து வட்டமடித்தார்கள். கூழாறு கிழக்கே இருக்கிறது, பூவாணி வடகிழக்கே. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தோம். அவர்கள் மேற்கே திரும்பினார்கள்.

படிவத்தில் 'சென்ற திசை' என்று ஒரு கட்டம் இருந்தது. மேற்கு என்று எழுதினேன். இந்திராணி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"மேற்கேன்னா, யாரு வீட்டுக்குன்னு எழுதுங்கக்கா."

கட்டத்தில் அவ்வளவு இடம் இல்லை.