தெர்மாகோல் கப்பில் ஒரு தேர்வு

என் கணவருக்குத் தையல் கைவந்த கலை. ஆனால் சிவப்பும் பச்சையும் பழுப்பும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. அதனால் எங்கள் கடையில் நூல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒருமுறை நான் இல்லாத நேரத்தில் பழுப்புக் கால்சட்டைக்குப் பச்சை நூலில் ஓரம் தைத்துவிட்டு, வாங்க வந்தவரிடம் புது டிசைன் என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார். வந்தவரும் நம்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கண் அப்படியே மகளுக்கும் வந்திருந்தது. பெண்பிள்ளைகளுக்கு இது அபூர்வமாம். கலர் பென்சில் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான். நாங்கள் அதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்டு உயிரை வாங்குவாள்.

மேல் வகுப்பில் எந்த அறிவியல் பாடத்தை எடுப்பது என்று பிள்ளைகள் பார்த்து முடிவு செய்ய, பள்ளியில் ஒரு நாள் எல்லா ஆய்வகங்களையும் திறந்து வைத்திருந்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். வக்கீல் இயற்பியல் அறையில் தலையைக் காட்டினாள், உயிரியல் அறையைக் கடந்து போனாள், வேதியியல் அறைக்குள் நுழைந்தவள் வெளியே வரவே இல்லை. அங்கே கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக, நிறம் காட்டும் மருந்து கலந்த அமிலத்தில் விட வேண்டும். அமிலம் தீர்ந்ததற்கு அடையாளமாக இளஞ்சிவப்பு தோன்றியதும் நிறுத்தி, எவ்வளவு செலவானது என்று குழாயில் பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் நிறுத்தினார்கள். என் மகள் குடுவை செக்கச்செவேல் என்று ஆன பிறகும் விட்டுக்கொண்டே இருந்தாள்.

வேதியியல் டீச்சருக்கு உடனே விளங்கிவிட்டது. கெட்டவர் இல்லை. எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பாடத்தில் பாதி செய்முறை நிறத்தை நம்பித்தான் இருக்கிறது, தேர்வில் பக்கத்தில் யாரும் வந்து சொல்ல முடியாது, இயற்பியல் எடுத்தால் நிம்மதியாகப் படிக்கலாம் என்று பதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வக்கீல் கோபப்படவில்லை. நிறத்தைப் பார்க்காமலே அமிலம் தீரும் இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டினால் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வரச் சொன்னார். யாருடைய உதவியும் இல்லாமல் செய்ய வேண்டும், தவறினால் பேச்சில்லாமல் வேறு பாடத்துக்குப் போய்விட வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த வாரம் முழுக்க அவள் நூலகமே கதி என்று கிடந்தாள். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் பதில் வராது. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை துணைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது, நிறம் மாறியதும் இருமுவது. அவ்வளவுதான் விஷயம். அப்பாவுக்கு நூல் எடுத்துக் கொடுக்கவில்லையா, அது மாதிரி. கணவரிடம் சொன்னேன். அவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, “அவ உன்னக் கேட்டாளா?” என்றார். கேட்டால்தான் செய்ய வேண்டுமா, பெற்றவளுக்குத் தெரியாதா என்று அவர் வாயை அடைத்தேன். மகளிடமும் சொல்லி வைத்தேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆய்வகத்தில் எனக்கு ஓர் உயரமான ஸ்டூல் கிடைத்தது. எட்டிப் பார்த்தால் மேசையில் இருப்பதெல்லாம் தெரிந்தது. மகள் பையிலிருந்து டீக்கடையில் தருகிற தெர்மாகோல் கப் ஒன்றை எடுத்தாள். டீச்சரிடம் வழக்கத்தைவிடச் செறிவான கரைசல்களும் ஒரு வெப்பமானியும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அமிலத்தைக் கப்பில் அளந்து ஊற்றினாள். தான் சரிபார்ப்பதற்காக டீச்சர் அதில் நிறம் காட்டும் மருந்தை இரண்டு சொட்டு விட்டார். எனக்கு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வக்கீல் கொஞ்சம் காரம் விடுவாள், கலக்குவாள், வெப்பமானியைப் பார்த்து எழுதுவாள். திரும்பவும் கொஞ்சம் விடுவாள். அவசரமே இல்லை. எனக்கோ உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கட்டத்தில் கப்புக்குள் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. கலக்கிய பிறகும் போகவில்லை. நான் இருமினேன்.

அவள் மேலும் காரம் விட்டாள். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று பலமாக இருமினேன். மறுபடியும் விட்டாள். கப்பில் நிறம் ஏறிக்கொண்டே போனது. நான் காசநோய்க்காரி மாதிரி இருமித் தீர்த்தேன். டீச்சர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன், வேறு என்ன செய்வது. எல்லாம் போச்சு, இனி தலைகீழாக நின்றாலும் இந்தப் பாடம் இவளுக்குக் கிடைக்காது என்று கண் கலங்கியது.

குழாயை மூடியதும் அவள் கட்டம் போட்ட தாளில் புள்ளிகள் வைக்க ஆரம்பித்தாள். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். அவள் அவருக்குச் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அமிலமும் காரமும் சேரும்போது சூடு பிறக்கும். அமிலம் மிச்சம் இருக்கும்வரை சூடு ஏறும். அமிலம் தீர்ந்த பிறகு விடுகிற காரம் சும்மா தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, சூடு இறங்கத் தொடங்கும். இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தாண்டிப் போயே ஆக வேண்டும். சூடு வெளியே போகாமல் இருக்கத்தான் டீக்கடைக் கப். ஏறுகிற கோடு ஒன்று, இறங்குகிற கோடு ஒன்று, இரண்டையும் ஸ்கேல் வைத்து நீட்டினாள். அவை முட்டிக்கொண்ட இடத்தில் பென்சிலை வைத்து அளவைச் சொன்னாள்.

நிறம் மாறியபோது டீச்சர் குழாயைப் பார்த்து அளவை மனதில் வைத்திருந்தார். அதைச் சொன்னார். இரண்டுக்கும் ஓரிரு சொட்டுதான் வித்தியாசம்.

“உங்க இருமலும் அங்கதாம்மா வந்துச்சு” என்றார் என்னிடம்.

குட்டு வெளிப்பட்டு அசடு வழிந்தேன். நல்ல வேளை, அவர் அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம், நிறமே வேண்டாத பாடங்கள் இத்தனை இருக்கும்போது ஏன் இதற்காக ஒற்றைக் காலில் நிற்கிறாய் என்று கேட்டார்.

“அணுவ நம்மள்ல யாரும் கண்ணால பாத்ததில்ல டீச்சர்” என்றாள் அவள். “யோசிச்சுத்தான் கண்டுபிடிச்சோம். அந்த விஷயத்துல நானும் நீங்களும் ஒண்ணுதான்.”

என் வயிற்றில் பிறந்தவள்தானா இவள் என்று பார்த்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே அவள் இதை எல்லாருக்கும் செய்து காட்ட வேண்டும் என்றும், தானும் கூட நின்று கற்றுக்கொள்வதாகவும் சொன்னார். வக்கீல் விடுவாளா? அப்படியானால் சேர்த்துக்கொண்டீர்கள்தானே என்று கேட்டு, ஆமாம் என்று வாயால் சொல்ல வைத்த பிறகுதான் கப்பைக் கழுவப் போனாள்.

வெளியே வந்ததும் எனக்கு ஆற்றாமை பொங்கியது. அத்தனை இருமினேனே, ஒரு தடவை திரும்பிப் பார்க்கக் கூடாதா, உயிர் போய் உயிர் வந்தது எனக்கு என்று பொரிந்து தள்ளினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முதல் இருமலே கேட்டுச்சும்மா. சூட்ட அளந்தது, கோடு போட்டது எதுவும் கஷ்டமா இல்ல. நீ இருமறது கேக்காத மாதிரி நின்னதுதான் கஷ்டமா இருந்துச்சு.”

அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை நான் அவள் கையை விடவில்லை.