பதியம் போட்ட கை

நர்சரிக்காரியின் முழங்கைக்குக் கீழே வேர் விட்டிருப்பதை முதலில் பார்த்தது அவளுடைய மாமியார்தான். அந்த மாதம் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வேறு விழுந்திருந்ததால், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தப்பு புருஷன் மேல். அடுக்குச் செம்பருத்தி விதை கட்டாது. கிளையின் பட்டையைச் சீவி, ஈரத் தேங்காய் நார்த்தூளை அப்பி, பாலிதீன் தாளால் இறுக்கிக் கட்டிப் பதியம் போட்டுத்தான் அவர் செடி பெருக்குவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதைச் செய்த கை அவருக்கு. வேலிக்கம்பி கிழித்து மனைவியின் கைத்தோல் உரிந்தபோது, பழக்க தோஷத்தில் அதற்கும் நார்த்தூளை அப்பிக் கட்டிவிட்டார். தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டு, படுக்கையில் கிடந்த மாமியாரைப் புரட்டிப் போட்டு, அடுப்படிக்கும் தோட்டத்துக்குமாக அலைந்தவளுக்கு ஏனென்று கேட்கத் தெம்பில்லை.

வேருக்கு மேல் துளிர்த்த தண்டை வேரோடு வெட்டிப் பெரிய தொட்டியில் நட்டு நிழலில் வைத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அது இன்னொரு நர்சரிக்காரியாக வளர்ந்து நின்றது. அதே உயரம், அதே நரை, புருவத்தில் அதே தழும்பு.

"இனிமே உனக்கென்ன, ஒண்ணுக்கு ரெண்டு ஆளு," என்றார் புருஷன். அவளும் நம்பினாள். ஒரே ஒரு நாள் பகலில் படுத்துத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் பதியச் செடி கன்று இல்லை. தாய்ச்செடியின் வயதோடுதான் வேர் பிடிக்கும். அதனால்தான் வைத்த வருஷமே பூக்கிறது. இதைச் சொல்லியே செடி விற்றவர் வீட்டு விஷயத்தில் மறந்துபோனார். தொட்டியிலிருந்து இறங்கியவள் நேரே வந்து வாசற்படியில் உட்கார்ந்து, "அப்பாடா, முடியலை," என்றாள். நர்சரிக்காரிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

மற்றவள் முட்டியைப் பிடித்தபடி எழுந்து தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தாள்.

"நீ போய்ப் படு. எனக்குத் தெரியாதா?"

அந்த வீட்டில் அதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. சாயங்காலம் வரை தூங்கினாள். மறுநாள் மற்றவள் தூங்கினாள். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. மாமியார் இரண்டு பேரையும் பாரபட்சமில்லாமல் திட்டுகிறார். புருஷனுக்கு எவள் யார் என்று பிடிபடவில்லை; தூங்குகிறவள்தான் தன் மனைவி என்று வைத்துக்கொண்டு, அவள் தூக்கம் கலையாதபடி அந்த அறையைச் செருப்பில்லாமல் கடக்கிறார்.