கொட்டகைக் கதவு

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "வணக்கம், கேஸ் உதவி மையம். சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று கேட்பதுதான் அவளுடைய பிழைப்பு. அலுவலகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, வியர்த்தால் துடைக்க ஒரு துண்டு, அவ்வளவுதான். ஜன்னல் வழியே நாள் முழுக்க "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் தெருப் பிள்ளைகள் அவளுக்கு ஹலோ அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கூட யாரும் அவள் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

நாற்பதைத் தாண்டியவள். கட்டிய புருஷன் எப்போதோ தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். ஊரில் பாதிப் பேருடன் தினமும் பேசுகிறாள், அதில் ஒருவர்கூட "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டது கிடையாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கேஸ் நாற்றத்துக்குப் பயந்து கூப்பிடுகிறவர்களுக்கு அவள் சாப்பாட்டைப் பற்றி என்ன கவலை? மாலையில் ஹெட்போனைக் கழற்றி வைத்ததும் வீடும் வாயை மூடிக்கொள்ளும். ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்தால் அன்றைய நாள் முடிந்தது.

பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் கார் கொட்டகை. அந்த வீட்டில் குடியிருந்தவர் பார்சல் அலுவலகத்தில் எடை போட்டு ஓய்வு பெற்ற குமாஸ்தா. தெருவுக்கு அவர் தராசு சார். அவரும் ஒண்டிக்கட்டைதான். மனைவி போய்ச் சேர்ந்தபின் அவருக்கு மிஞ்சியது ஒரு தங்கையும் ஒரு பழைய காரும். தங்கை ஊருக்கு வெளியே முதியோர் இல்லத்தில் இருந்தாள். சனிக்கிழமை தோறும் அவளைப் பார்க்கப் போக அந்தக் காரை விட்டால் வேறு வழியில்லை. காரோ, நினைத்தால் கிளம்பும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். கார்புரேட்டரில் அடைப்பு என்றார்கள். பழைய கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் சின்னச் சாமான் அது. மயிரிழைத் துளைகளில் கொஞ்சம் கசடு ஏறினாலும் வண்டி இருமும். மெக்கானிக் பின்னால் அலைந்து அலுத்துப்போய், தானே கழற்றிச் சுத்தம் செய்யப் பழகிக்கொண்டார்.

முன்பெல்லாம் கொட்டகைக் கதவை விரியத் திறந்து வைத்துத்தான் செய்வார். ஸ்பானர் விழும், தகரம் உருளும், எல்லாம் மாட்டி முடித்ததும் எஞ்சின் உறுமும். ஒரு நாள் அந்த உறுமல் அப்படியே அவளுடைய அழைப்பில் பதிவாகிவிட்டது. மேலதிகாரி, "வீட்டுல உட்கார்ந்து வேலை பாக்கறீங்களா, பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து பாக்கறீங்களா?" என்று கேட்டார். மூக்குக்கு மேல் வந்த கோபத்தோடு அவள் அடுத்த வீட்டுக்குப் போய் நின்றாள்.

"சார், உங்க வேலையைக் கதவைச் சாத்திக்கிட்டு செய்யக் கூடாதா? எனக்கு இதுதான் சோறு."

கையெல்லாம் கரியோடு நின்றவரின் முகம் சுண்டிப் போனது. "தெரியாமப் போச்சும்மா. இனிமே சாத்திக்கறேன்."

அதற்குப் பிறகு அவள் பக்கம் சத்தம் அவ்வளவாக வருவதில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் அவள் கைப்பேசியைப் பார்ப்பாள், அவர் தன் செருப்பைப் பார்ப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தனிமை, அந்தப் பக்கம் ஒரு தனிமை. நடுவில் இருந்தது ஒரு செங்கல் கனம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஓர் இளம்பெண் பதறிக்கொண்டு அழைத்தாள். சமையலறையில் கேஸ் நாற்றமாம். இவள் மனப்பாடத்தை ஆரம்பித்தாள்.

"பயப்படாதீங்க. எந்த சுவிட்சையும் தொடாதீங்க. போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம். கதவு ஜன்னலை எல்லாம் திறந்து விடுங்க. திறந்துட்டீங்களா?"

"திறந்துட்டேங்க."

"சிலிண்டரை மூடிட்டு வெளிய வந்துடுங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா? அவங்களையும் வெளிய கூட்டிட்டு வாங்க. நம்ம ஆளு கிளம்பிட்டார்."

இதைச் சொல்லும்போதே அவள் மூக்கில் ஒரு நெடி ஏறியது. நாற்றத்தைப் பற்றியே பேசிப் பேசி வந்த பிரமை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு புரிந்தது, இது பெட்ரோல். சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துவாரம் வழியாக மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. சார் வேலையில் இருக்கிறார் போல. ஆனால் பிரஷ் போட்டுத் தேய்க்கும் சத்தம் இல்லை. கொஞ்சம் முன்னால் ஒரு தகரம் விழுந்து உருண்டதும், அதை யாரும் எடுத்து வைக்காததும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நமக்கெதுக்கு வம்பு என்றது மனசு. சண்டை போட்ட வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது? கணினியில் அடுத்த அழைப்பு மினுக்கிக்கொண்டிருந்தது. சுவரை விரலால் தட்டினாள். "சார்?" பதில் இல்லை. கையை முஷ்டியாக்கிக் குத்தினாள். அதற்கும் இல்லை. அழைப்பை விட்டுவிட்டு, கழுத்தில் ஹெட்போன் தொங்க, அவள் ஓடினாள்.

கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. ஆனாலும் தள்ளினால் நகரவில்லை. அடியில் ஏதோ மெத்தென்று தடுத்தது. தோளைக் கொடுத்து முட்டித் திறந்ததும் நெடி முகத்தில் அறைந்தது. உள்ளே இருட்டு. பழக்கத்தில் கை சுவிட்சுக்குப் போனது. தினமும் அவள் வாய் சொல்லும் வாக்கியம் அப்போது அவள் காதிலேயே விழுந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, இரண்டு கதவுகளையும் முழுக்கத் திறந்தாள்.

அவர் முக்காலிக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தார். எதிரே பிளாஸ்டிக் பேசின் நிறையப் பெட்ரோல், அதில் ஊறும் கார்புரேட்டர், மிதக்கும் ஒரு பழைய டூத் பிரஷ். எதிர்வீட்டுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த ஆளைக் கத்திக் கூப்பிட்டாள். அவன் வாயில் சிகரெட்டோடு ஓடிவந்தான்.

"கிட்ட வராதீங்க. சிகரெட்டை அங்கேயே மிதிச்சு அணைச்சுட்டு வாங்க."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைத் தெருவுக்கு இழுத்து வந்து போட்டார்கள். தெருவில் நின்றுதான் ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். பேசிக்கொண்டே திரும்பியபோது, வெளிச்சம் விழுந்த கொட்டகை கண்ணில் பட்டது. கதவடியில் சாக்குகளைச் சுருட்டி வைத்திருந்தார். காற்றுத் துவாரத்தில் ஒரு பழைய போர்வையை மடித்து மடித்து, ஒழுங்காகத் திணித்திருந்தார். குளிருக்காக அல்ல, எலிக்காகவும் அல்ல. சத்தம் அவள் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காக. ஊருக்கெல்லாம் கதவைத் திற என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், ஒரே ஒருவரிடம் மட்டும் சாத்து என்று சொல்லியிருந்தாள்.

காற்று பட்டதும் அவர் மெல்லக் கண் திறந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"தகரம் கை தவறி விழுந்துடுச்சும்மா. போன்ல கேட்டுடுச்சா?"

தெருவென்றும் பார்க்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

மருத்துவமனையில் டாக்டர், "இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் காத்தையே இழுத்திருந்தா என்கிட்ட கொண்டு வந்து பிரயோஜனம் இருந்திருக்காது" என்றார். நர்ஸ் அவளைப் பார்த்து, "நீங்க பொண்ணா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க, பக்கத்து வீடு."

அந்த வார்த்தையை இத்தனை நாள் வெறும் முகவரியாகவே வைத்திருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் சனிக்கிழமை, அவரிடமே வழி கேட்டுக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் பேருந்து மாறி மாறி அவளே போனாள். வாசலைப் பார்த்தபடி காத்திருந்த தங்கையிடம், அண்ணன் அடுத்த வாரம் வருவார் என்று சொல்லிவிட்டு, விளக்கு வைக்கும் வரை கூடவே உட்கார்ந்திருந்தாள்.

கார் மறுபடி இருமியபோது சாமான்கள் எல்லாம் திறந்த வாசலுக்கு வந்துவிட்டன. எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருந்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் சார் வேலையைத் தொடங்கினார். பெட்ரோல் பேசின் போய், கார்புரேட்டர் சுத்தம் செய்வதற்கென்றே கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பா வந்திருந்தது. அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தை அவள்தான் படித்துக் காட்டினாள். காற்றோட்டமான இடத்தில் மட்டும், நெருப்பு அருகில் கூடாது. துளையில் அடித்தது திரும்பிக் கண்ணில் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. அழுக்குத் துணிகளை மூலையில் குவிக்காமல் மூடி போட்ட தகர டப்பாவில் போட்டார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கும்மா வெயில்ல?"

"கூட ஒருத்தர் இருக்கணும்னு டப்பாவுல போடல சார். அதை நானே சேர்த்துக்கிட்டேன்."

அவர் சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். நாற்காலியை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவள் அழைப்புகளுக்குத் திரும்பிய பிறகு எஞ்சின் உறுமியது. அன்றே மேலதிகாரி பிடித்துக்கொண்டார். "மறுபடியும் அதே சத்தமா? அந்தப் பெரியவரைக் கதவைச் சாத்திக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஒரு தடவை சொன்னேன் சார், உயிரே போகப் பார்த்துச்சு" என்றாள் அவள் நிதானமாக. "பெட்ரோல் வேலையை மூடின அறைக்குள்ள செய்யக் கூடாது. நம்ம வசதிக்காக அடுத்த வீட்டு மனுஷரை மூடின கதவுக்குப் பின்னால தள்ளவும் கூடாது. வேணும்னா என் அழைப்புகளுக்குப் போடற மார்க்கைக் குறைச்சுக்கோங்க. இந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் லைன்ல இருப்பேன். அது சட்டுனு நின்னுட்டா, யார் பேசிக்கிட்டு இருந்தாலும் எழுந்து போயிடுவேன். அதையும் இப்பவே சொல்லிடறேன்."