ஆறாம் பத்தி

அகதி முகாமில் எல்லோருக்கும் அவர் மனுக்காரர். அண்ணா என்பதா அக்கா என்பதா என்று காவலர்கள் தலையைச் சொறிந்த காலத்தில் அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. ஆண், பெண் என்று எந்தக் கட்டத்திலும் முழுசாக அடங்காத உடலோடு பிறந்த இடைப்பாலினர். ஒன்பது வயதில் கேட்காமல் கொள்ளாமல் அறுவை சிகிச்சை செய்து ஒரு கட்டத்துக்குள் தள்ளப் பார்த்தார்கள். வளர்ந்த பிறகு சொந்த அண்ணனே கத்தியைத் தூக்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாடு விட்டு ஓடி வந்தார். இன்று அகதிகளுக்கான சட்ட உதவி அலுவலகத்தில் வேலை. உரிமைக் கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள், பத்திரிகையில் படம் வருகிறது. மனு எழுத உட்கார்ந்தால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான்.

அன்று காலை அவர் முகாமுக்கு வந்தது ஒரு தையல்காரரைப் பார்க்க. அவரும் இடைப்பாலினர், வந்து மூன்று வாரம் ஆகிறது. முகாமில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். இரண்டிலும் சேராதவர்களுக்குச் சலவை அறையை ஒட்டிய நோயாளி அறை. ஒரு கட்டில், கை கழுவ ஒரு தொட்டி, வெளியே தெரியாதபடி வெள்ளையடித்த ஜன்னல் கண்ணாடி. கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள். பாதுகாப்புக்காம். யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு? ஏழு வருடத்துக்கு முன் மனுக்காரர் பதினொரு மாதம் கிடந்த அறை அது. 

தையல்காரர் கட்டில் விளிம்பில், மனுக்காரர் எழுதிக் கொடுத்திருந்த அடைக்கல மனுவை மடியில் விரித்து வைத்திருந்தார். பதினொரு மணிக்கு மருத்துவப் பரிசோதனையாம். வேண்டாம் என்று சொன்னால் நம்பத்தகாதவர் என்று கோப்பில் எழுதி, வந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

"சின்ன வயசுல கேக்காம வெட்டினாங்க. இப்ப என் கையெழுத்தைக் காட்டியே உடம்பைப் பாக்கப் போறாங்க. நான் சம்மதிக்கிறேன்னு நீங்க ஏன் எழுதினீங்க?"

தான் அப்படி எழுதவே இல்லை என்று மனுக்காரர் சாதித்தார். தையல்காரர் ஆறாம் பத்தியில் விரலை வைத்தார். 'மனுதாரர் மருத்துவப் பரிசோதனைக்கு மனமுவந்து சம்மதிக்கிறார்.'

மனமுவந்து! இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று பத்தாவது மாதத்தில் அவர் தன் சொந்த மனுவில் எழுதிய வரி அது. பரிசோதனை அன்று நான்கு டாக்டர்கள், பாடம் கற்றுக்கொள்ள ஆறு மாணவர்கள். மனு ஜெயித்தது. ஜெயித்த மனு ஆயிற்றே என்று அதையே மாதிரியாக வைத்துக்கொண்டு, பெயரையும் விவரத்தையும் மட்டும் மாற்றிப் பதினாலு பேருக்கு எழுதிக் கொடுத்தார். தையல்காரர் பதினைந்தாவது. ஒவ்வொரு தடவையும் ஐந்தாம் பத்தி முடிந்ததும் அவர் கண் தானாக ஏழுக்குத் தாவிவிடும். ஆறாவதைப் படிக்க அவருக்குத் தெம்பில்லை. ஊரெல்லாம் உரிமை பேசியவர், தன் மேஜையில் கிடந்த ஒரு வரியை ஏழு வருடமாகப் பார்க்காமல் இருந்துவிட்டார். கையெழுத்துப் போட்டவர்களும் அவரை நம்பிப் படிக்காமல் போட்டார்கள்.

விசாரணை அதிகாரி நல்ல மனுஷி. மனுக்காரர் தன் அறைக்குள் வந்ததும் எழுந்து நாற்காலி காட்டினார். ஆனால் ஆறாம் பத்தியை எடுத்துவிடச் சொன்னதும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். இடைப்பாலினர் என்று சொல்லி வருபவர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று அச்சாகியிருந்தது. கீழே ஆதாரமாக ஒரே ஒரு வழக்கு எண். அது மனுக்காரரின் எண்.

"உங்களுக்கு அப்புறம் பதினாலு பேரும் சம்மதிச்சாங்க. இவர் மட்டும் மாட்டேன்னா மேல என்ன நினைப்பாங்க? நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலைங்க. நீங்க எழுதிக் குடுத்ததுதான்."

கடிகாரத்தில் பத்தே முக்கால். மனுக்காரர் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினார். பூட்டிய அறைக்குள் இருந்து கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை, அதை வாபஸ் வாங்குகிறேன், அந்தப் பரிசோதனைச் சான்றை என் கோப்பிலிருந்து எடுங்கள் என்று எழுதினார்.  எழுத்து கோணல்மாணலாக வந்தது.

அதிகாரி படித்தார். பிறகு, விதிக்கு ஆதாரமே உங்கள் வழக்குதான், இதை மேலே அனுப்பினால் முடிவு வரும்வரை தையல்காரரைத் தொட முடியாது, அது வாஸ்தவம்தான் என்றார்.

"ஆனா அந்தச் சான்றை எடுத்துட்டா உங்க கோப்புல என்ன மிச்சம்? வழக்கைத் திரும்பத் திறக்கணும். திறந்தா நீங்களும் இங்கதான் இருக்கணும். எந்த ரூம்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

 முகாமுக்கு வெளியே, ஊருக்குள் ஒரு மாடியில் மனுக்காரருக்கு ஒரு அறை இருந்தது. குடிவந்த அன்றே தன் கையால் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்திருந்தார். தினமும் தூங்கப் போகுமுன் அதைப் போட்டு எடுத்துப் போட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பார். உலகத்திலேயே அவருக்குப் பிடித்த சத்தம் அது. அகதி அடையாள அட்டையை எடுத்து அதிகாரியின் மேஜைமேல் வைத்தார்.

சாயங்காலம் காவலர் இரண்டாவது கட்டிலை உள்ளே தள்ளினார். கதவு திறக்க இடமில்லாமல் முதல் கட்டிலைச் சுவரோடு ஒட்ட வேண்டியிருந்தது. உங்க நல்லதுக்குத்தான் என்று பழைய பல்லவியைப் பாடிவிட்டுப் பூட்டினார். மனுக்காரர் கதவின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தாழ்ப்பாள் ஒன்றும் இல்லை.

தையல்காரர் தயங்கித் தயங்கி, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

"தெரியாது. பேப்பர் இருக்கா? அந்தப் பதினாலு பேருக்கும் ஆறாம் பத்தியில என்ன இருக்குன்னு எழுதணும். என் கை நிக்க மாட்டேங்குது, நீங்க எழுதுங்க."

தையல்காரர் மனுவைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் பேனாவை வைத்தார். பக்கத்து அறையில் சலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது. அது ஒரு சுற்று ஓடி நின்றது.

"சொல்லுங்க, எழுதுறேன்."

மனுக்காரருக்கு முதல் வரி வரவில்லை.