பூவேலைத் தையல்

வஹீபாவின் வயிற்றுக் கட்டை அவிழ்த்ததும் டாக்டர் இப்திஹால் குனிந்து முகர்ந்தாள். நாற்றம் ஒன்றும் இல்லை. மாதுளைச் சாற்றில் தண்ணீர் கலந்தாற்போல இளஞ்சிவப்பு நீர் பஞ்சு முழுக்க ஊறிக் கிடந்தது, அவ்வளவுதான். ஆபரேஷன் ஆகி ஆறாவது நாள் இப்படி நீர் கசிந்தால் உள்தையல் விட்டுவிட்டது, குடல் வெளியே வரப்போகிறது என்று பொருள்.

மேலே தோல் தையலோ கண்ணைப் பறித்தது. பேராசிரியர் ஷுக்ரியின் கைவேலையை எகிப்தின் தமியேத்தா ஊரே மெச்சும். வார்டுப் பெண்கள் துணியை விலக்கி ஒருவருக்கொருவர் காட்டிப் பீற்றிக்கொள்வார்கள்.

"கல்யாண உடுப்புல போட்ட பூவேலை மாதிரி இல்ல, மகளே?" என்றாள் வஹீபா. சந்தையில் புறா விற்பவள்.

"இருமல் வந்தா வயித்தை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கங்க, ஹாஜ்ஜா" என்று மட்டும் சொல்லிவிட்டு இப்திஹால் பேராசிரியர் அறைக்கு ஓடினாள்.

அவர் பல் குத்திக்கொண்டிருந்தார். "கொழுப்பு உருகுது, வேறென்ன? விக்கிற புறாவையெல்லாம் அவளே தின்னிருப்பா."

"உள்ள தசை உறை விட்டிருக்கும்னு தோணுது, உஸ்தாத். உடனே திறந்து பார்த்துடலாம்."

"உறையை நான் தச்சேன். நீதானே எழுதியிருக்க."

எழுதித்தான் இருந்தாள். 'வெள்ளை உறை கெட்டி நைலானால் மூடப்பட்டது.' அவளுடைய கையெழுத்து, கையொப்பம். அங்கே வழக்கமே அதுதான்: பேராசிரியர் தைத்துக்கொண்டிருக்கும்போதே உதவி டாக்டர் மூலை முக்காலியில் உட்கார்ந்து குறிப்பை எழுதி முடித்துவிட வேண்டும். ஆபரேஷன் அன்று அவருக்கு ராஸ் அல்-பர் கடற்கரையில் மீன் விருந்து. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பறந்தார். இவளும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியிருந்தாள்.

வயிற்றைத் தாங்குவது தோலும் அல்ல, கொழுப்பும் அல்ல. வெண்ணெயில் ஊசி போட்டால் நிற்குமா? இரண்டு பக்கத் தசைகளையும் நடுக்கோட்டில் சேர்த்துப் பிடிக்கும் அந்த வெள்ளை உறைதான் சுவர்.

நண்பகல் தொழுகை அழைப்பு கேட்கும் நேரம் வஹீபா இருமினாள். "என்னமோ கழண்டுடுச்சு, மகளே. சூடா இருக்கு" என்றாள் மெதுவாக. பூவேலைத் தையல் பிளந்து ஒரு சுற்றுக் குடல் தொப்புளின்மேல் கிடந்தது. உப்பு நீரில் நனைத்த துணியால் அதை மூடி, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தள்ளுவண்டியை இப்திஹாலே தள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஆபரேஷன் தியேட்டரில் முழுக்கத் திறந்து பார்த்தாள். மேல் முனையில் உறையில் ஒரு தையல், கீழ் முனையில் ஒன்று. நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு நைலான் நூல் வெறும் கொழுப்பைக் கோத்துக்கொண்டு தொங்கியது. மஞ்சள் கட்டிகள் அதில் வழுக்கின. உறையின் இரண்டு ஓரமும் ஓர் ஊசித்துளைகூட இல்லாமல் பளபளத்தன. சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

உறையைத் தேடிப் பிடித்து, விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, நெருக்கமாகத் தைத்து முடித்தாள். அப்போதுதான் ஷுக்ரி எட்டிப் பார்த்தார். முகமூடியை மீறிப் பூண்டு வாடை அடித்தது.

"இருமி அறுத்துக்கிட்டா. அப்படியே எழுதிடு. கொழுப்புல தச்சிருந்துச்சுன்னு எழுதினா, அன்னைக்குப் பொய் எழுதினது யாருன்னு கேப்பாங்க" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தட்டிய இடத்தைத் துடைக்க வேண்டும்போல் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனால் பாவத்தில் பாதி தன் பேனாவில் அல்லவா இருக்கிறது! அவரைப் பார்த்து வந்த அருவருப்பு இப்போது தன் விரல்களைப் பார்த்தும் வந்தது. கண்டதைக் கண்டபடி எழுதினாள். கீழே, 'தையலைப் பார்க்காமலே முதல் குறிப்பை எழுதியவள் நான்' என்று சேர்த்துக் கையொப்பம் போட்டாள்.

மறுநாள் காலை வஹீபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய டாக்டர் சொன்னாரு, நான் இருமினதாலதான் இப்படி ஆச்சுன்னு. என் தப்பால உனக்கு எவ்வளவு சிரமம், கண்ணு."

"உங்க தப்பில்ல, ஹாஜ்ஜா. உள்ள சரியா தைக்கவே இல்ல. தச்சாச்சுன்னு பொய் எழுதினது நான்."

வஹீபா அவளையே பார்த்தாள். பிறகு பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, தன் கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டாள்.