குவாக்கமோலேவுக்கு உப்புக் கேட்டவன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்தில் கிடைத்தது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போகும் பேருந்து. பொம்மையார்பாளையத்தில் ஏறிய ஒருவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய பட்டர் ஃப்ரூட்கள். ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம், தூங்கும் குழந்தையின் தலையைப் பிடிப்பதுபோல அவற்றைப் பிடித்துக்கொண்டார். "ஜூஸுக்கா?" என்று கேட்டுவைத்தேன். "இல்லிங்க, குவாக்கமோலேக்கு" என்றார். மரக்காணத்தில் இறங்கிப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

முதல் தொடக்கம்: "மரக்காணம் உப்பளத்தின் மேல் காலை வெயில் வெள்ளித் தகடாக

(வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுத வருகிற எல்லோரும் அந்த வெள்ளித் தகட்டைத்தான் முதலில் விரிக்கிறார்கள். பாத்தியில் இறங்கி நிற்பவருக்கு அது வெறுமனே கண் கூசும்.)

இரண்டாம் தொடக்கம்: "இரண்டு வருடம் கழித்து மோகன் தன் வீட்டு வாசலில் நின்றபோது"

(இதுவும் சரிப்படவில்லை. பேருந்தில் 'அவர்' என்று எழுதியவரை, பெயர் வைத்ததும் 'அவன்' ஆக்கிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். கதைக்குள் வந்துவிட்டால் மனிதருக்கு மரியாதை குறைந்துவிடுகிறது. அது போகட்டும். இந்த வாக்கியத்தில் இருக்கும் குறை வேறு. கதையை வந்தவன் கையில் கொடுத்துவிடுகிறது. வருவது சுலபம். வந்தவனை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவள் வீட்டுக்குள் இருக்கிறாள்.)

மூன்றாம் தொடக்கம்: வைஜெயந்தி உப்பு வாரிவிட்டு வந்து பின்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

உப்பளத்து வேலை இருட்டோடு தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உள்ள நீண்ட பகல் வைஜெயந்திக்குத் தூங்குவதற்கும் துணி துவைப்பதற்கும் போகும். அன்றைக்குத் துணி இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது சமையலறை வாசலில் அவள் புருஷன் மோகன் பையோடு நின்றான். கதவு திறந்துதான் கிடந்தது. பகலில் யாரும் சாத்துவதில்லை.

"என்னா?" என்றாள். வாளியைக் கீழே வைக்கவில்லை.

"வந்தேன்."

"தெரியுது."

இங்கே வாசகருக்கு முன்கதை வேண்டும். மோகன் இரும்பை கிராமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து சாப்பிடுகிற ஓர் உணவகத்தில் சமையல் வேலைக்குப் போனவன். முதலில் வாராவாரம் வந்தான். பிறகு நல்ல நாள், கெட்ட நாளுக்கு வந்தான். பிறகு வரவே இல்லை. பொம்மையார்பாளையத்தில் ஒரு பெண்ணோடு இருக்கிறான் என்ற சேதி ஊரையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாக வைஜெயந்தியிடம் வந்தது. அவளுடைய நாத்தனார் மங்கம்மா, மோகனின் கூடப்பிறந்த அக்காவே, "போயி சட்டையப் புடிச்சி இழுத்தாந்து நடுத்தெருவுல நிக்க வையிடீ. நானும் கூட வரேன்" என்றாள். வைஜெயந்தி போகவில்லை. போனில்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள். அந்த அழுகையை அவன் கேட்பதில் அவளுக்கு இஷ்டமில்லை.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இவர்களுக்கு ஒரு மகள் உண்டு. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். பிள்ளை வீட்டில் இருந்தால் பெரியவர்கள் அதன் முகத்தைப் பார்த்து முடிவெடுத்துவிடுவார்கள். கதை எழுதுகிறவனுக்கு அது மிகவும் சௌகரியம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.)

4

மோகன் மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இத்தனை நாள் கழித்து ஏன் வந்தான்? வேலை போய்விட்டது என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். நோய் என்று ஒருமுறை. எதுவும் ஒட்டவில்லை. அவளே கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் உடனே கேட்கவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து பழத்தை எடுத்ததை, கதவுநிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியை நெடுக்காக ஓட்டி, இரண்டு கையாலும் திருகிப் பிளந்தான். கொட்டையில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டித் திருப்ப, கொட்டை கத்தியோடு வந்துவிட்டது. ஸ்பூனால் சதையை எவர்சில்வர் கிண்ணத்தில் வழித்துப் போட்டான்.

"சக்கர போட்டு ஜூஸ் அடிப்பாங்களே, அந்தப் பழமா?"

"அதான். குவாக்கமோலேன்னு சொல்லுவாங்க. இதுல வெங்காயம், தக்காளி, பச்ச மொளகா, கொத்தமல்லி போடுவாங்க. எலுமிச்ச புழிவாங்க."

"பழத்துலயா?"

"தின்னு பாரேன். நல்லா இருக்கும்."

அவன் வெங்காயத்தை நறுக்கிய விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டு, கத்தியின் முனையைப் பலகையிலிருந்து தூக்காமல், படபடவென்று, கடுகளவு துண்டுகளாக. இந்த வீட்டில் தின்ற தட்டை நகர்த்தி வைக்காத கை அது. எங்கேயோ போய் இவ்வளவு வேலை கற்றுக்கொண்டு, யார் யாருக்கோ செய்து போட்டிருக்கிறது. வயிறு எரிந்தது. அந்த இன்னொரு பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளில்கூட இப்படி எரியவில்லை என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அவ தொரத்திட்டாளா?" என்று கேட்டாள்.

"இல்ல. நான்தான் வந்துட்டேன்."

"ஏன்?"

டம்ளரின் அடிப்பக்கத்தால் பழத்தை மசித்துக்கொண்டே சொன்னான். "அங்க தெனம் இதத்தான் செய்யறேன். கூடை கூடையா. ஒரு வெள்ளக்காரம்மா வழிச்சி வழிச்சித் தின்னுட்டு, ஒங்க வீட்டுல கொடுத்து வச்சவங்கன்னு சொல்லிச்சி. நீ இத பாத்ததுகூட இல்லியேன்னு தோணுச்சி. கெளம்பிட்டேன்."

(மிகவும் நோஞ்சானான காரணம். அதனாலேயே நம்பினேன். பொய் சொல்ல வருகிறவன் இதைவிட நல்ல காரணத்தோடு வருவான். வைஜெயந்தி நம்பினாளா என்பது எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.)

5

எலுமிச்சையைப் பிழிந்து, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு, கலந்து, விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு குடு" என்று கையை நீட்டினான்.

உள்ளங்கை மேலே பார்க்க விரித்து, அவள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான்.

இந்த ஊரில் உப்பை யாரும் கைக்குக் கை கொடுப்பதில்லை. வேறு பல ஊர்களிலும் அப்படித்தான் என்றாலும், ஊரே உப்பில் நிற்கும் மரக்காணத்தில் இன்னும் கறார். கேட்டவருக்கு முன்னால் ஜாடியை வைக்க வேண்டும், அல்லது தட்டில் போட்டுத் தரையில் வைக்க வேண்டும். அவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்துக் கையில் வாங்கினால் அந்த இருவருக்கும் சண்டை வரும். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாலும், பெற்ற மகள் கேட்டாலும் இதுதான் முறை. உறவு வேண்டும் என்று நினைப்பவர் உப்பைக் கீழே வைப்பார்.

மோகனும் இதே மண்ணில் வளர்ந்தவன்தான். ஆனால் உணவகத்துச் சமையலறையில் அவசரத்துக்கு உப்பு, சர்க்கரை எல்லாம் கைக்குக் கைதான் போகும். பழகிவிட்டது.

வைஜெயந்திக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. திகைப்பு. இவன் இதையுமா மறந்துவிட்டான்? எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்பது அவளுக்கு அந்தக் கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அடுப்பு மேடைக்குப் போய், ஜாடியைத் திறந்து, ஒரு கைப்பிடி கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்தாள்.

6

இங்கே என் பேனா வெகுநேரம் நின்றது.

ஒரு முடிவு: அவள் உப்பைத் தட்டில் போட்டு அவன் முன்னால் தரையில் வைக்கிறாள். அவன் புரிந்துகொண்டு தலையைக் குனிகிறான். இருவரும் சாப்பிடுகிறார்கள். (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டு வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அவளை மன்னிக்க வைக்கிறேன். அவளிடம் கேட்காமல் நான் செய்கிற தாராளம் இது.)

இன்னொன்று: "'நீயெல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?' என்று கேட்டு, கிண்ணத்தைத் தூக்கி வாசலில்

(கைதட்டல் வாங்கும் வசனம். கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

அந்த வரியை அடித்த பிறகு, கைப்பிடி உப்போடு நிற்கிறவளை நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை வரும் என்கிறார்களே, வந்தால்தான் என்ன என்று அவள் யோசிப்பது தெரிந்தது. இந்த இரண்டு வருடமும் இந்த வீட்டில் சண்டையே இல்லை. ஒருவன் எதிரில் நின்றால்தானே சண்டை. அவள் கத்தியதெல்லாம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரிடமும் வீட்டு வாளியிடமும்தான்.

"யோவ்" என்றாள். "உப்ப கைல வாங்குனா சண்ட வரும். தெரியுமில்ல?"

மோகனுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, மறந்துட்டேன்" என்று கையை இழுக்கப் பார்த்தான்.

"எடுக்காத. இரு." அவள் மூடிய கையை அவன் உள்ளங்கைக்கு மேலே கொண்டுவந்தாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "வரட்டும்யா. உங்கிட்ட போட வேண்டிய சண்ட மலையா கெடக்குது. இது ஒரு நாள்ல முடியாது. மழ வந்து பாத்தி முழுவற வரைக்கும் போடுவேன். உங்கக்கா எதிர்லயும் போடுவேன், உம் பொண்ணு எதிர்லயும் போடுவேன். நீ எங்கியும் எந்திரிச்சிப் போவாம ஒக்காந்து கேக்கணும். முடியும்னா கைய இப்படியே வச்சிரு. முடியாதுன்னா அந்தக் கிண்ணத்த எடுத்துக்கினு அடுத்த பஸ்ஸப் புடி."

7

வைஜெயந்தியின் வேலை முடிந்தது. அவள் முடிவெடுத்துவிட்டாள். எனக்கும் அவளைப் பற்றி இனிச் சந்தேகம் இல்லை.

மிச்சம் இருப்பது மோகனின் கை. அதை நான் எழுத மாட்டேன். வந்தவனுக்கு நல்ல புத்தி கொடுப்பதும் கெட்ட புத்தி கொடுப்பதும் எனக்கு ஒரு வரி வேலைதான், அப்படிக் கொடுத்தால் அது அவன் புத்தி ஆகாது. அந்தக் கையை நீங்கள் அப்படியே வையுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டிலும் உட்கார்ந்து கேட்காமல் எழுந்து போன சண்டை ஒன்று இருக்கும். அதை நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

யோசிக்க அதிக நேரம் எடுக்க வேண்டாம். உப்பு வாருகிறவர்கள் கையெல்லாம் வெடிப்பு. இறுக்கிப் பிடித்த உப்பு அவளுக்கு எரிய ஆரம்பித்திருக்கும்.